இருவருக்கும் சொந்தமில்லாத இடம்

தலையணை உறையை வீப்கா அன்று காலையில்தான் துவைத்து மாற்றியிருந்தாள். ஆனாலும் படுத்து முகத்தை வைத்ததும் அதில் வேறொரு ஆளின் வாசனை வந்தது. கையால் சுருட்டிய சிகரெட், மழையில் நனைந்து கணப்போரம் காய்ந்த கம்பளி, அதற்கும் அடியில் காய்ந்த புல்லின் லேசான இனிப்பு. நாற்றம் என்று சொல்ல முடியாது. நாற்றமாக இருந்தால் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பாள். பகல் முழுக்கக் கிழங்குக் கொட்டகையில் பெல்ட்டின் முன்னால் நின்று, மண்கட்டியையும் அழுகலையும் பொறுக்கிப் போட்டு, இடுப்பு கழன்று வந்து விழுகிறவளுக்கு நாற்றமெல்லாம் ஒரு பொருட்டில்லை. இது பழகின வாசனையாக இருந்தது. அதனால்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. முன்னறையில் கம்பி அடைப்புக்குள் இருந்த ஸ்வெட்டரின் வாசனை. அது ஷூர்த் என்பவருடையது. ஷூர்த் செத்துப் போய்விட்டார். ஸ்வெட்டர் முன்னறையை விட்டு நகரவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். அடைப்புக்குள் கறுப்பு முயல் ட்ரோப் தலையைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நக்கிவிடு என்று முயல் தன் ஜோடியிடம் கேட்பது அப்படித்தான். வெள்ளை முயல் மெல்க் அதன் நெற்றியை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈரமான, சீரான, சின்னச் சத்தம். ஸ்வெட்டர் இரண்டுக்கும் அடியில் கிடந்தது. விளக்கைப் போட்டதும் இரண்டும் அவளைப் பார்த்தன. பிறகு அவளுக்குப் பின்னால், அவள் தோளுக்கு மேலே பார்த்தன. ட்ரோப் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தது. ஆபத்து என்று முயல் சொல்லும் விதம் அது.

வீப்கா திரும்பிப் பார்த்தாள். கூடத்துக்குப் போகும் கதவு. கதவில் தொங்கும் அவளுடைய மழைக்கோட்டு. அவ்வளவுதான்.

*

கைவிடப்பட்ட முயல்களைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, நல்ல இடம் அமைந்ததும் அனுப்பி வைப்பது வீப்காவுக்குப் பல வருடப் பழக்கம். காப்பகத்தை நடத்தும் ஔக்யாதான் கொண்டு வந்து இறக்குவாள். இந்த ஜோடியை இறக்கியபோது மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"ஷூர்த் வளத்ததுடி. ஒருத்தரும் எட்டிப் பாக்கல பாவம். தபால்காரர்தான் கண்டுபிடிச்சது. முயல் அடைப்புக்குள்ளயே விழுந்து கெடந்திருக்கான். இதுங்க ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிட்டுப் படுத்திருந்ததாம்."

"எத்தன நாளைக்கு வெச்சுக்கணும் அக்கா?"

"சனிக்கிழமை வரைக்கும். பெரிய கரைக்கு அந்தாண்ட புதுசா கல்யாணமான ஒரு சின்ன ஜோடி கேட்டிருக்கு. நல்ல பசங்க. ஆனா அதுவரைக்கும் எங்கிட்ட எடமில்ல. வேற எங்க கேட்டாலும் ஒண்ணத்தான் எடுப்போங்கிறாங்க."

"ஒண்ண மட்டுமா?"

"அதத்தான சொல்றேன். பிரிச்சா ஒண்ணு திங்காமக் கெடந்து செத்துரும். பின்னாடியே மத்ததும் போயிரும். ஒத்தையா இருக்கறதுக்கு அதுங்களுக்கு வராது. உனக்கு மட்டும் எப்படித்தான் வருதோ."

"எனக்கு அதனாலதான் தின்ன சோறு செரிக்குது."

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. வீடு முழுக்கத் தன் சத்தத்தையும் செருப்பையும் கோபத்தையும் பரப்பி வைத்திருந்த புருஷனோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, வழக்கு நடத்தி, தனியாக வந்து சேர்ந்தவள் வீப்கா. வாய்க்கால் ஓரத்தில் இந்தச் சின்ன வீடு. படுக்கையில் நடுவில் குறுக்கே படுக்கலாம். கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற மூச்சு தன்னுடையது மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். கொட்டகையில் முதுகு ஒடிவது அந்த ஒன்றுக்காகத்தான்.

வந்த முதல் நாள் இரண்டும் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுபோகும். மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காதை முதுகோடு படிய வைத்து, அவள் கை நீண்டாலே நடுங்கின. அப்போதுதான் வீப்கா அதைச் செய்தாள். முயல் வைத்துப் பழகினவர்கள் எல்லாருமே செய்கிற காரியம். இடம் மாறும் முயலோடு அதன் பழைய துணியைத் துவைக்காமல் அனுப்புவார்கள். அந்தத் துணியைத் தன் உடம்பில் தேய்த்துக்கொண்டு போனால் முயல் அஞ்சாது. அவள் ஷூர்த்தின் ஸ்வெட்டரை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டு அடைப்புக்குள் தரையில் படுத்தாள். அதன் கைகள் அவள் விரலுக்கும் கீழே தொங்கின. கழுத்துப் பக்கம் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மெல்க் வந்து அவள் கையிலிருந்து கேரட் இலையை இழுத்தது. பிறகு ட்ரோப். தின்கிற சத்தம் கேட்டு அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஸ்வெட்டரைக் கழற்றும்போது, தான் இரவில் போட்டுக்கொள்ளும் சட்டையைக் கொண்டு வந்து அடைப்புக்குள் போட்டாள். அதுவும் வழக்கம்தான். அவர்கள் வாசனை இவர்களுக்கு, இவர்கள் வாசனை அவர்களுக்கு.

அந்த ஸ்வெட்டர் செத்தவருடையது என்பது அவளுக்குத் தெரியும். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

*

தலையணைக்குப் பிறகு துண்டு. பிறகு கொட்டகைக்குப் போட்டுப் போகும் தொப்பி. பெல்ட்டின் முன்னால் நின்றுகொண்டு தொப்பியைச் சரிசெய்தால், நூறு பேர் நடுவில், மண் வாடைக்கும் டீசல் புகைக்கும் நடுவில், அந்தச் சிகரெட்டும் கம்பளியும். காலையில் அடைப்பைச் சுத்தம் செய்யப் போனால், தான் போட்ட சட்டை புல்லுக்கு அடியில் நீவி விரித்திருந்தது. அதன் மேல் புல் அழுந்திக் கிடந்தது. முயல் படுத்த குழி இரண்டு கையகலம்தான் இருக்கும். இது நீளமாக இருந்தது. தோளிலிருந்து குதிகால் வரைக்கும். முயல்கள் அதற்கு ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருந்தன.

வீப்கா புல்லைக் கலைத்துவிட்டாள். ஔக்யாவுக்குப் போன் செய்தாள்.

"ஔக்யாக்கா, அந்த ஷூர்த் எப்படிப்பட்ட ஆளு?"

"ஏன், மாப்பிள்ள கேக்கறியா? கொஞ்சம் லேட்டாயிருச்சே."

"சும்மாதான் கேட்டேன்."

"தங்கமான ஆளுடி. ஒண்ணையொண்ணு கடிச்சுக் கொதறுற முயலயெல்லாம் அவங்கிட்டதான் குடுப்பேன். சேத்து வெச்சிருவான். அவசரமே படமாட்டான். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். தனக்குத்தான் ஒண்ணும் அமையல." ஔக்யா எதையோ மென்றுகொண்டே பேசினாள். "உன்னப் பத்திக்கூட ஒரு தடவ கேட்டான்."

"என்னப் பத்தியா?"

"காப்பகத்துல உன்னப் பாத்திருக்கான். அந்தம்மா தனியாவா இருக்காங்கன்னான். ஆமாய்யா, அவ அப்படியே இருந்துட்டுப் போகட்டும், மொதல் ஆளுகிட்ட பட்டதே போதும்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டான். ஒரு வார்த்த மேல கேக்கல." மென்றதை விழுங்கிவிட்டு, "ஏன், முயலுக்கு ஏதாவதா?" என்றாள்.

"இல்ல. நல்லாத் திங்குதுங்க."

"அப்புறம் என்ன. சனிக்கிழமை வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரு. நீ முடியாதுன்னா நான் அதுங்களப் பிரிச்சுத்தான் குடுக்கணும்."

போனை வைத்த பிறகும் வீப்கா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் ட்ரோப் தரையை அடித்தது. மெல்க்கும் அடித்தது. சனிக்கிழமை வரைக்கும்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

*

அவள் கட்டில் முன்னறைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. பலகைச் சுவர், ஆணி அடித்தால் மறுபக்கம் வரும். விளக்கை அணைத்துப் படுத்ததும், சுவருக்கு அந்தப் பக்கம், சரியாக அவள் முதுகு இருக்கிற உயரத்தில், ஏதோ ஒன்று மெதுவாகப் படுக்கிற சத்தம் வந்தது. முதலில் முழங்கால், பிறகு கை ஊன்றியது, பிறகு பாரம் முழுவதும் பலகையில் சாய்ந்து பலகை லேசாக முனகியது, கடைசியில் களைத்துப்போன ஆள் விடுகிற நீண்ட மூச்சு. வாசலுக்கு ஓடத் தோன்றியது அவளுக்கு. ஆனால் வாசலுக்குப் போக முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். அசையாமல் கிடந்தாள். அந்த மூச்சும் அசையாமல் கிடந்தது. முயல்கள் தரையை அடித்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கட்டிலை இழுத்து எதிர்ச் சுவரோடு போட்டாள். அது வெளிச்சுவர், கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் புல்லும் வாய்க்காலும்தான். இருட்டின பிறகு காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. நிம்மதியாகப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கண் சொருகும் நேரத்தில் கல்லுக்கு அப்பால் புல் நசுங்கியது. முழங்கால். கை. பாரம். மூச்சு.

விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தாள். தோட்டம் முழுக்க வெள்ளையாக உறைபனி. சுவரின் அடியில் மட்டும், அவள் கட்டிலுக்கு நேராக, ஓர் ஆள் நீளத்துக்குப் புல் பச்சையாக, ஈரமாக இருந்தது.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. இது அவளுக்குத் தெரிந்த வேலை. அவளே எத்தனையோ தடவை செய்த வேலை. பழக்கமில்லாத இரண்டு முயல்களைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் வாசனையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு நடுவில் ஒரு தடுப்பு வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் தூங்க விட வேண்டும். முதலில் முறைக்கும், அடிக்கும், மூலைக்கு ஓடும். விட்டுவிட வேண்டும். ஒரு நாள் தடுப்பை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டும் நிம்மதியாகத் தூங்கும். அப்படித் தூங்கிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. அதன் பிறகு தடுப்பில்லாமல் விட வேண்டும். ஆனால் ஒன்றின் வீட்டில் மற்றதை விடக் கூடாது. விட்டால் ரத்தம்தான். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து விட வேண்டும்.

அப்படியென்றால் இந்த வீட்டுக்குள் ஒன்றும் நடக்காது என்று நினைத்தாள். இது என் வீடு. நடுவில் சுவர் இருக்கும். சனிக்கிழமை முயல்கள் போகும், ஸ்வெட்டர் போகும், அதோடு எல்லாம் போகும். அதுவரைக்கும் தாங்கினால் போதும்.

வெள்ளிக்கிழமை இரவு அவள் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. காலையில் அலாரம் அடித்துத்தான் எழுந்தாள். உடம்பு லேசாக இருந்தது. பட்டாணி சூப்பைச் சூடு பண்ணும்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இரவு முயல்கள் தரையை அடிக்கவே இல்லை. எழுந்தபோது அவள் கட்டிலின் விளிம்பில் கிடந்தாள். முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. கல் சுவர், டிசம்பர் மாதம். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு முயல் பெட்டியைத் தேடி எடுத்தாள்.

*

பெரிய கரை கடலுக்குக் குறுக்கே போகிறது. ஒரு பக்கம் உப்புக் கடல், மறு பக்கம் நல்ல தண்ணீர் ஏரி, நடுவில் நூல் பிடித்தாற்போல் சாலை. முயல் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, அதில் ஸ்வெட்டரையும் திணித்து, வீப்கா அந்தக் கரை மேல் மத்தியானம் ஓட்டிப் போனாள். பெட்டிக்குள் இரண்டும் அமைதியாக இருந்தன. வழியில் ஒன்றும் நடக்கவில்லை.

நின்காவும் யெல்மரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். பெட்டியை இறக்கும்போதே யெல்மர் குனிந்து பார்த்தான்.

"இந்தக் கறுப்பு என்னையே மொறைக்குது."

"எங்கப்பா மாதிரி," என்றாள் நின்கா. "பழகிக்கோ."

அவர்கள் செய்து வைத்திருந்த அடைப்பு அகலமாக, நல்ல வெளிச்சத்தில், காற்று அடிக்காத மூலையில் இருந்தது. வீப்கா கம்பியை ஆட்டிப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள்.

"இத அதுங்களுக்குள்ளயே போட்டிருங்க. தொவச்சிராதீங்க. பழைய ஆளோடது."

நின்கா முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "ஆம்பள வாசன."

"பழகிரும்," என்றாள் வீப்கா. நின்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெறும் முயல் மட்டும் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் ஜோடி பிரியும். அதுமட்டுமில்லை. அவளுக்கு அவளுடைய வீடு வேண்டும்.

"காபி குடிச்சிட்டுப் போங்க."

"இல்ல, இருட்டிரும்."

முயல்கள் அடைப்பை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தன. ஸ்வெட்டரை முகர்ந்துவிட்டு அதைத் தாண்டிப் போயின. பிறகு இரண்டும் கம்பியோரம் வந்து பின்னங்காலில் எழுந்து நின்று, காதுகளை நிமிர்த்தி, திறந்திருந்த வாசல் வழியாக வெளியே நிறுத்தியிருந்த காரைப் பார்த்தன.

"யாரையோ தேடுதுங்க," என்றான் யெல்மர். "வண்டில வேற யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்ல," என்றாள் வீப்கா.

*

கரை மேல் ஏறும்போதே வெளிச்சம் போய்விட்டது. கடல் பக்கமிருந்து மூடுபனி சாலை மேல் வழிந்து, விளக்கு வெளிச்சத்தைப் பால் மாதிரி அவள் முகத்துக்கே திருப்பி அடித்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. ஆனாலும் அவளுக்கு லேசாக இருந்தது. காரில் ஒரு வாசனையும் இல்லை. ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். கிழங்கு மண், அவள் சோப்பு, அவள் வேர்வை. இன்றைக்குக் கட்டிலில் குறுக்கே படுக்கப்போகிறாள். கதவைச் சாத்திவிட்டு, தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு.

மணி அடித்தது.

டிங். டிங். டிங். எதிரே சிவப்பாக ஒரு விளக்கு. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு அது.

அவள் சாலையை மட்டும் பார்த்தாள். பழைய கார். ஈரம் இறங்கியிருக்கும். வயர் ஏதாவது. டிங். டிங். பக்கத்தில் பஞ்சு இருக்கை மெதுவாக அழுந்தும் சத்தம். பெல்ட் இழுபடும் சத்தம், நிதானமாக, நீளமாக.

கிளிக்.

மணி நின்றது.

அவள் மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். சிகரெட் இல்லை. கம்பளி இல்லை. அவள் வாசனை மட்டும். அப்போது உறைத்தது. வாசனை போகவில்லை. அதற்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது.

திரும்ப முடியாது. கரையில் திரும்ப இடமில்லை. நிறுத்தலாம். நிறுத்தி இறங்கினால் பனி, அதற்கப்பால் இரண்டு பக்கமும் தண்ணீர். இது அவள் ஊர் இல்லை. அந்த ஊரும் இல்லை. யாருடைய இடமும் இல்லை.

எதற்கும் மசியாத முயல்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரில் வைத்து ஓட்டுவார்கள். வண்டி குலுங்கும், இரையும். அதுகளுக்கு ஓட இடமிருக்காது. பயத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை ஒட்டிக்கொள்ளும். பயம் தீரும்போது ஜோடியாகிவிட்டிருக்கும்.

பின்னால் இரண்டு பெரிய விளக்குகள். லாரி. ஹாரன் அலறியது. இடது பக்கம் ஒரு மலையே உருண்டு போவது மாதிரி அது கடந்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சாலை இல்லை. ஒன்றும் இல்லை. கார் தத்தளித்தது. அவள் கத்தினாள். வலது பக்கம், பக்கத்து இருக்கையை நோக்கிச் சாய்ந்தாள்.

தோள் ஒன்று இருந்தது.

திடமாக. வெதுவெதுப்பாக. அவளுக்கு இடம் கொடுத்து நின்றது.

லாரி போய்விட்டது. துடைப்பான்கள் கண்ணாடியைத் துடைத்தன. சாலை மறுபடி வந்தது. கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது, அல்லது அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சாய்ந்த உடம்பை நிமிர்த்த வேண்டும் என்று நினைத்தாள். நிமிரவில்லை. நடுக்கம் நின்றிருந்தது.

தோள் கீழே இறங்கியது. ஒரு தலை தாழ்ந்து, தாழ்ந்து, அவள் தாடைக்கு அடியில் வந்து அழுந்தியது. நெற்றி மேலே பார்த்தபடி, ட்ரோப் மெல்க்கிடம் கேட்கிற மாதிரி. அசையவில்லை. கேட்டது.

இல்லை, என்றாள். சொன்னாளா என்று தெரியவில்லை.

பனி. வெள்ளைக் கோடு. பனி.

காருக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஈரமாக. சீராக. சின்னதாக. எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்தாள். பின் இருக்கை இல்லை. ஜன்னல் இல்லை. ரொம்பப் பக்கத்தில்.

வாயில் உப்புக் கரித்தது. நாக்கில் முடி.